கையெழுத்துப் போட ஆளில்லாத ஊர்

ஏழுமலை மாஸ்டருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். அவர்களைத் தவிர உடம்பைச் சோதித்த டாக்டர் ஒருவர், பரீட்சை வைத்தவர் ஒருவர். லைசென்ஸ் அவர் கைக்கு வந்து சேர்வதற்குள் அந்த நால்வரும் நான்கு வெளியூர்களுக்குக் குடிபோய்விட்டார்கள். அவர்களை விரட்டிவிட்டுத்தான் மாஸ்டர் லைசென்ஸ் வாங்கினார் என்று அவர் ஊரான பாவின் கடைவீதியில் ஒரு பேச்சு இருந்தது. அது அபாண்டம். போகிற அவசரத்தில் அவர்கள் கடைசியாகச் செய்த காரியம் மாஸ்டருடையதாக அமைந்தது, அவ்வளவுதான்.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைக்க வேண்டாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழைய டட்சன் ஒன்று, கூரைமேல் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை, இருபத்திரண்டு வருட அனுபவம். அவருடைய காரில் இடதுபுறம் அவர் காலுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே அவருடைய வலது முழங்கால் ஒரு தினுசாக வளைந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்து ரேடியோ கேட்கும்போதுகூட வேகமான பாட்டு வந்தால் அந்தக் கால் தரையை அழுத்தும்.

1987 மே மாதம் ஃபிஜி ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்தியர்கள் நிறைய இருந்த அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தது. அடுத்த வாரமே ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். மீதிப் பேர் மாஸ்டரிடம் கார் பழக வந்தார்கள். சிட்னியிலும் வான்கூவரிலும் கார் ஓட்டத் தெரியாதவன் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் உப்புக்கூட வாங்க முடியாது என்று யாரோ கடிதம் எழுதியிருந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், தையற்காரர்கள், ஐம்பது வயதில் புடவையைச் சொருகிக்கொண்டு வந்த பெண்கள் என்று காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள் நின்றது. பயத்தில் கற்கிறவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்பதை மாஸ்டர் அந்த மாதங்களில்தான் கண்டுபிடித்தார். மூன்று வாரத்தில் லைசென்ஸ், ஐந்தாவது வாரத்தில் நாடி விமான நிலையத்தில் மாலை மரியாதையுடன் வழியனுப்பு.

வழியனுப்பப் போவது மாஸ்டருக்கு ஒரு கடமையாகிவிட்டது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே விமானத்தில் தன்னிடம் பழகிய ஏழு பேரை ஏற்றிவிட்டு வெளியே வந்தார். காருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. வேலி ஓரமாகவே நடந்தார். ஓடுபாதையின் மறுகோடியில் ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் இரண்டு சின்ன விமானங்கள், 'பறந்து பாருங்கள்' என்று ஒரு பலகை. அது ஒரு ஃப்ளையிங் கிளப். உள்ளே சுரேந்திரா என்ற இருபத்தாறு வயதுப் பயிற்சியாளர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று வந்த ஒரே ஆள் ஏழுமலைதான்.

மேலே போனதும் மாஸ்டர் முதலில் கேட்ட கேள்வி: "தம்பி, பின்னால பாக்குற கண்ணாடி எங்க?"

"கிடையாது மாஸ்டர்."

"அப்ப பின்னால வர்றவன எப்படிப் பாக்குறது?"

"பின்னால யாரும் வரமாட்டாங்க."

இந்தப் பதில் மாஸ்டரை என்னமோ செய்துவிட்டது. மே மாதத்திலிருந்து அவர் எங்கே போனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி நிறைய சிப்பாய்கள் வருகிறார்களா, கடைவீதியில் கல் விழுந்த சத்தமா, யாராவது கூப்பிடுகிறார்களா என்று. கீழே கரும்புத் தோட்டங்கள் பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தன. ஆற்று வாயில் கடல் பழுப்பாகக் கலங்கியிருந்தது. சோதனைச் சாவடிகள் தீப்பெட்டி அளவுதான். சுரேந்திரா இடப்பக்கம் திரும்பச் சொன்னதும் மாஸ்டர் பழக்கதோஷத்தில் சின்ன ஜன்னல் கண்ணாடியைத் திறந்து கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினார். காற்று கையை முறுக்கிப் பின்னால் தள்ளியது. அப்போதே தீர்மானித்துவிட்டார், இதைக் கற்றுக்கொள்வது என்று.

வீட்டில் மனைவி சுமித்ராவிடம் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வான்கூவரில் இருந்தான். கனடா விண்ணப்பப் பாரங்களை அவள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

"விமானத்துல ஏறணும்னா டிக்கெட்டு வாங்கிக்கினு ஏறு. என்னாத்துக்கு நீ ஓட்டணும்?" என்றாள்.

"டிக்கெட்டு வாங்கினா அவன் இழுத்த எடத்துக்குத்தான் போகணும்."

"நீ ஓட்டினா எங்க போவ?"

"நாடிக்கே திரும்பி வருவேன்."

சுமித்ரா மீனைப் பார்த்தாளே தவிர அவரைப் பார்க்கவில்லை.

ஊர் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டது. மாஸ்டர் சொந்தமாகப் பறந்து குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விடத் திட்டம் போடுகிறார் என்று முடிவு கட்டியது. எதிர்வீட்டுத் தையற்காரர் மகேந்திரா ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயோடு வந்தார். "சிட்னில தங்கச்சி இருக்குது மாஸ்டர். போற வழிதானே?" அந்தக் குட்டி விமானத்தில் நிரப்புகிற பெட்ரோல் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, சிட்னிக்குப் போவதென்றால் பாதிக் கடல்கூடத் தாண்டாது என்று மாஸ்டர் படம் போட்டு விளக்கினார். மகேந்திரா பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, "எண்ணெய் கசியாம நல்லாக் கட்டியிருக்கேன்" என்று ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஜூலைக்குள் அந்த மேசையில் பதினொரு பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன.

ஆகஸ்டில் சுரேந்திரா பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். அதற்கு முந்தைய நாள்தான் மாஸ்டரைத் தனியாக ஒரு சுற்று பறக்க அனுப்பி, இறங்கியதும் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அழுதுகொண்டே கைகுலுக்கினார். அவர் இடத்துக்கு ரஜனேஷ் வந்தார். ரஜனேஷுக்கு சுரேந்திரா சொல்லிக்கொடுத்த எதிலும் நம்பிக்கை இல்லை. "அவன் விமானத்து மூக்கப் பாத்து ஓட்டுற ஆளு மாஸ்டர். நாம தூரத்துல அடிவானத்தப் பாத்து ஓட்டுறவங்க" என்று முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். மாஸ்டரும் முதல் பாடத்துக்கே மறுபடி உட்கார்ந்தார். வேறிடத்தில் கார் பழகிவிட்டுத் தன்னிடம் வருகிறவர்களிடம் தானும் இதைத்தானே செய்வார்? அக்டோபரில் ஒரு நாள் மூவாயிரம் அடி உயரத்தில், இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ரஜனேஷ் கத்தினார்: "எனக்கு ஆக்லந்துல வேல கிடைச்சிருச்சு! அடுத்த வாரம் கிளம்புறேன்!" அதற்குள் இரண்டாவது தடவையும் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஆகவே அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. "வாழ்த்துக்கள்!" என்று மாஸ்டரும் கத்தினார். அப்படியே தலையைக் குனிந்து உயரமானியைச் சரிபார்த்துக்கொண்டார்.

உடல் தகுதிச் சான்றிதழ் கொடுக்க அதிகாரம் பெற்ற டாக்டர் பக்கத்து நகரமான லௌடோகாவில் இருந்தார். மாஸ்டர் போனபோது வீடு முழுக்க மரப்பெட்டிகள். கண் பரிசோதிக்கும் அட்டையை முதல்நாளே ஆணியடித்து மூடிவிட்டார்களாம். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். மாஸ்டரைச் சமையலறை வாசலில் நிறுத்தி, கூடத்தின் மறுமூலையில் இருந்த பெட்டியின்மேல் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். டாக்டரின் பெயர், வீட்டு எண், தெருப் பெயர், அடிலெய்ட், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் மாஸ்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டும், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டும் தப்பில்லாமல் வாசித்தார். "நல்ல பார்வை" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "வந்தா வீட்டுக்கு வாங்க. விலாசம்தான் தெரியுமே."

மிச்சம் இருந்தது பறக்கும் பரீட்சை. அதை வைக்கக்கூடியவராக அந்தப் பக்கம் மிஞ்சியிருந்தவர் காசிம் ஒருவர்தான். அறுபதை நெருங்கிய, இஸ்திரி கலையாத மனிதர். அவருடைய தாத்தாவும் ஏழுமலையின் அப்பாவும் கரும்புத் தோட்டக் கூலிகளாக மதராஸ் துறைமுகத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். பரீட்சைக்கு நவம்பர் கடைசிச் சனிக்கிழமை குறித்திருந்தார். திங்கட்கிழமை காலையில் காசிமும் அவர் மனைவி சகீனாவும் மெல்போர்ன் புறப்படுவதாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. எதிரில் நிற்கும் மாமரம் தெரியாத மழை. மாலையில் காசிம் போன் பண்ணினார்.

"ஏழுமலை, நாளைக்குக் காலைல வானம் வெளுக்கும்னு சொல்றாங்க. நாளைய விட்டா நான் இல்ல."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே."

"அதுதான் பிரச்சன."

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு மட்டும் உரியது என்று ராணுவம் உத்தரவு போட்டிருந்தது. பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது, பந்து விளையாடக்கூடாது. எது கூடும் எது கூடாது என்பது சாவடிக்குச் சாவடி மாறியது. ஓரிடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவரைத் திட்டினார்கள். இன்னோரிடத்தில் தண்ணீர் ஊற்றியவருக்குச் சிப்பாய்களே ஒரு தேங்காயை உரித்துக் கொடுத்தார்கள்.

மாஸ்டர் காலை ஆறரைக்குப் புறப்பட்டார். லௌடோகா தாண்டியதும் சாவடி. மூன்று சிப்பாய்கள். அதில் பெரியவன் கையைக் காட்டி நிறுத்தினான், கூரைப் பலகையைப் பார்த்தான், குனிந்து உள்ளே பார்த்தான், ஃபிஜி மொழியில் வணக்கம் சொன்னான்.

"புலா மாஸ்டர்! என்ன மறந்துட்டீங்களா? சகியாசி. ரிவர்ஸ் எடுக்கத் தெரியலன்னு மூணு மாசம் என்ன டெஸ்டுக்கே அனுப்பல நீங்க."

சகியாசி இப்போது கார்ப்பரல். பாவில் வளர்ந்த ஃபிஜி பூர்வகுடி, நம்மவர்களைப் போலவே மளமளவென்று இந்தி பேசுவான். மாஸ்டர் இன்ஜினை அணைத்தார். "இப்ப நல்லா எடுக்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பவும் வரல. அதனாலதான் சாவடில போட்டாங்க. எங்க போறீங்க?"

"பரீட்சைக்கு."

சகியாசி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான். அவனே கைப்பட எழுதி வைத்திருந்த பட்டியல்.

"வேலையா?"

"சம்பளம் கிடையாது. வேல இல்ல."

"வியாபாரம்?"

"இல்ல."

"விளையாட்டு?"

"அம்பத்தோரு வயசுல என்ன விளையாட்டு?"

"பிக்னிக்?"

மாஸ்டர் இருக்கையில் இருந்த டிபன் பாத்திரத்தைப் பார்த்தார். சுமித்ரா நாலு ரொட்டியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள். "பசிச்சா சாப்பிட. பிக்னிக் இல்ல."

சகியாசி காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "வேல இல்ல, வியாபாரம் இல்ல, விளையாட்டு இல்ல, பிக்னிக்கும் இல்ல. அப்ப இது என்னதான் மாஸ்டர்?"

ஐந்து மாதமாக சுமித்ராவும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சகியாசி வயர்லெஸ்ஸில் மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி பிரார்த்தனைக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். ஆளை விடாதே, கூடவே போ, என்ன நடக்கிறதென்று பார்த்து எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டார். சகியாசி துப்பாக்கியோடு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். டட்சன் அவன் பக்கமாகச் சாய்ந்தது.

கிளப் கொட்டகை வாசலில் நின்றிருந்த காசிம், காரிலிருந்து சிப்பாய் இறங்குவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார். "பாஸ்போர்ட்டு வீட்டுல சகீனா கிட்ட இருக்கு" என்றார். விஷயத்தைச் சொல்லி அவர் கையை இறக்க வைப்பதற்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு அடுத்த சிக்கல். கூடவே போ என்பது உத்தரவு. ஆகவே விமானத்திலும் ஏறுவேன் என்றான் சகியாசி. பரீட்சையின்போது மூன்றாவது ஆளை ஏற்ற விதியில் இடமில்லை என்றார் காசிம். உத்தரவா விதியா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் காசிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழுமலை. பரீட்சை தொடங்கிருச்சுன்னு வச்சுக்க. முதல் கேள்வி. இந்தத் தம்பியும் துப்பாக்கியும் பின் சீட்டுல வந்தா விமானம் எழும்புமா?"

மாஸ்டர் சகியாசியைச் சரக்குக் கொட்டகைத் தராசுக்கு மரியாதையாக அழைத்துப் போனார். நூற்றுப் பதினெட்டு கிலோ. துப்பாக்கி தனி. பூட்ஸைக் கழற்றினால் குறையுமா என்று சகியாசியே கேட்டான். அவனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. மாஸ்டர் பென்சிலால் கணக்குப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். டாங்கியில் பாதிப் பெட்ரோலை இறக்கிவிட்டால் எழும்பும் என்று சொன்னார். "சரி" என்று காசிம் குறித்துக்கொண்டார். தோட்டாக்களைக் கழற்றி, ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஓடுபாதைக்குத் திரும்பும்போது மாஸ்டரின் கை தானாக வெளியே நீண்டது. காசிம் அதையும் குறித்துக்கொண்டார். விமானம் முனகிக்கொண்டே நெடுந்தூரம் ஓடி, மனமில்லாமல் தரையை விட்டது. பின்னால் சகியாசி "ஓ" என்று ஒரே ஒரு எழுத்துச் சொன்னான்.

நாலாயிரம் அடியில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது காசிம் கையை நீட்டி இன்ஜின் வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். "இன்ஜின் நின்னுபோச்சு. என்ன செய்வ?" என்றார். இது பரீட்சையில் எப்போதும் உள்ளதுதான். ஆனால் அதை சகியாசிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திடீரென்று விழுந்த மௌனத்தில் காற்றின் விசில் மட்டும் கேட்டது. சகியாசி தொப்பியைக் கழற்றினான். பிறகு, கோயில் கூரையே அதிரும்படி, ஃபிஜி மொழியில் ஒரு துதிப் பாடலை எடுத்தான்.

அந்தக் குரல் அந்தச் சின்னக் கூண்டுக்குள் அடங்கவில்லை. காசிம் வாயைத் திறந்து என்னமோ சொன்னார். ஒன்றும் காதில் விழவில்லை. மாஸ்டர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார். அறுவடை முடிந்த ஒரு கரும்பு வயலைத் தேடிப் பிடித்தார். குறுக்கே கரும்பு ரயிலின் தண்டவாளம் ஓடுவதைக் கவனித்து, அதைத் தவிர்த்து நீளவாட்டில் வளைந்தார். அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர் வலது கால் ஓய்ந்தது. இரண்டாவது சரணம், மூன்றாவது சரணம். வயலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது. மாட்டின் கொம்பு தெரிகிற உயரம் வந்தபோது காசிம் இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. சகியாசி பாட்டை நிறுத்தி, கண்ணைத் திறந்து, ஈரமான குரலில், "கேட்டுருச்சு" என்றான்.

கேட்டுருச்சு என்று அவன் சொன்னது கடவுளுக்கு. அதை மறுத்துப் பேச முன்னால் இருந்த இருவருக்கும் மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சகியாசி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கூவினான். "அது எங்க கோரோ! எங்க ஊரு! அதோ கோயிலு!" கடலோரமாகச் சின்னக் கிராமம், நடுவில் சிலுவை வைத்த வெள்ளைக் கோயில். காலை ஆராதனைக்கு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "மாஸ்டர், ஒரு தடவ சுத்துங்க மாஸ்டர். எங்கம்மா இருப்பாங்க."

மாஸ்டர் காசிமைப் பார்த்தார். காசிம் தாளைப் பார்த்தார். தரையில் ஒரு புள்ளியை வைத்து அதை ஒரே தூரத்தில் வட்டமிடுவது என்று பரீட்சையில் ஒரு பகுதி பாக்கி இருந்தது.

"அந்தக் கோயிலையே புள்ளியா வச்சுக்க" என்றார்.

மாஸ்டர் தன் வாழ்நாளில் அதைப் போல ஒரு வட்டம் போட்டதில்லை. ஜனங்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட போதகர் இரண்டு கையையும் உயர்த்தினார். ஆசீர்வதித்தாரா, போகச் சொன்னாரா என்று உயரத்திலிருந்து தெரியவில்லை. சகியாசி தொப்பியை ஆட்டினான், அம்மாவைக் கண்டுபிடித்தான், அவள் வேறு யாரோ என்று கண்டுபிடித்தான், மறுபடி ஆட்டினான். மாஸ்டரின் முதுகு சட்டையோடு ஒட்டியிருந்தது. ஆனால் அந்த மூன்று சுற்று முடியும்வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கிய பிறகு காசிம் விமானத்தின் வால் மீதே தாளை வைத்துத் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சகியாசியும் தன் அறிக்கையை அங்கேயே எழுதினான். எழுதி முடித்து வாசித்தும் காட்டினான்: 'ஞாயிறு காலை ஆராதனை. இடம், வானம். கலந்துகொண்டவர்கள் மூவர். பாடல் ஒன்று. விதிமீறல் எதுவும் இல்லை.' நாலு ரொட்டியில் ஆளுக்கொன்று தின்றார்கள். மிச்சத்தை சகியாசி எடுத்துக்கொண்டான். காசிம் வேலி வரை வந்து ஓடுபாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பது வருஷம் இந்த மண்ணுல இறங்கியிருக்கேன். நாளைக்கு ஏறுறதோட சரி" என்றார். மறுநாள் அவர் மெல்போர்ன் போய்விட்டார்.

காகிதங்கள் தலைநகர் சுவாவுக்குப் போயின. டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. கையெழுத்திட வேண்டிய அதிகாரி பதவி விலகிவிட்டதால் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்திலும் கையெழுத்து இல்லை. பிப்ரவரியில் மாஸ்டர் பஸ் பிடித்து நேரிலேயே போனார். அலுவலகத்தில் ஆறு மேசை, ஒரே ஒரு ஆள். ஜான்கி என்ற நடுவயதுக் குமாஸ்தா, காகித மலைக்குப் பின்னால் உட்கார்ந்து மளமளவென்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு கையெழுத்துப் போடணும்மா?"

"அவர் போயிட்டாரு. அவருக்குப் பதிலா இருந்தவரும் போயிட்டாரு. அவருக்குப் பதிலா என்னப் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழம வரைக்கும்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்?"

"நான் கனடால, எட்மன்டன்ல இருப்பேன். பேரச் சொல்லுங்க."

மலையைக் கிளறி அவருடைய காகிதத்தை உருவியெடுத்து, குத்தி, கையெழுத்திட்டு நீட்டினாள். அவர் நன்றி சொல்வதற்குள் அடுத்த காகிதத்தில் முத்திரை விழுந்துவிட்டது.

லைசென்ஸைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். எதிர்வீட்டு மகேந்திரா வந்து பார்த்துவிட்டு, "எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டார்.

இனி என்ன என்பது மாஸ்டருக்கே தெரியவில்லை. கையில் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சம்பாதிக்க முடியாது, யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது, சும்மா மேலே போய்க் கீழே வரலாம். கிளப்பில் பயிற்சியாளர் யாரும் மிச்சமில்லை. செயலாளரும் பெர்த்துக்குக் கிளம்பும்போது கொட்டகைச் சாவியை மாஸ்டர் கையில் கொடுத்து, "நீங்கதான் இப்ப தலைவரு" என்றார். மற்ற உறுப்பினர்கள் யார் என்று கேட்டதற்கு, அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரு சனிக்கிழமை சுமித்ராவை அழைத்துப் போனார். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏறினாள். பாவுக்கு மேலே வந்ததும் மாஸ்டர், "கண்ணத் தொற" என்றார். ஆலைப் புகைபோக்கி, ஆறு, பள்ளிவாசல், கோயில், கடைவீதி, அப்புறம் அவர்களுடைய வீடு. சுமித்ரா வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"கூரத் தகரம் துருப்புடிச்சிருக்குது. ரெண்டு பக்கமும். அடுத்த மழைக்கு முன்னால பெயின்ட் அடிக்கணும்."

"கனடாவுக்குப் போறவங்களுக்கு எதுக்கு பெயின்ட்டு?"

இறங்கி, காரில் பாதி தூரம் வந்த பிறகு, "செவப்பு வேணாம், பச்ச அடிக்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் மனதில் இருந்ததைச் சொன்னார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தகுதியை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் தொழில்முறை லைசென்ஸ். இங்கே இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டதால், அதற்கு நியூசிலாந்துதான் போக வேண்டும். ரஜனேஷ் அங்கே ஒரு பள்ளியில் இருக்கிறார், இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஒரு வருடம் ஆகும்.

"அம்பத்திரண்டு வயசுல?"

"கத்துக்கொடுக்கத் தெரிஞ்சவன்தானே நான். அது ஒண்ணுதான் எனக்கு வரும்."

சுமித்ரா அடுப்பைக் குறைத்தாள். "போய்ட்டு வா. ஒரு வருசத்துல வரலன்னா நான் எங்கண்ணன்கிட்ட போய்டுவேன். அப்புறம் நீ வந்து பச்சத் தகரத்தப் பாத்துக்கினு இரு."

திரும்பி வருவேன் என்று அவர் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பிரிவுபசார விழா வைத்து மாலை போட்டார்கள். சொல்லாமலே வீட்டுக்கு வந்து, விலைக்கு வாங்கலாமென்று கட்டிலை அளந்து பார்த்தார்கள். பதினொரு பொட்டலங்களையும் அவர் நிஜமாகவே எடுத்துப் போனார். ஆக்லந்திலிருந்து தபாலில் அனுப்பினார். நாடியில் குடிநுழைவு அதிகாரியிடம், தன்னிடம் திரும்பும் டிக்கெட் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். "எல்லாரும் அதத்தான் காட்டுறாங்க" என்றார் அவர், இரக்கத்தோடு.

ஆக்லந்தில் குளிர் முழங்காலைப் பிடித்தது. வகுப்பில் அவரைத் தவிர எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். ஒரு பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார். அறையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு தனியாகச் சோறாக்கித் தின்றார். கையை வெளியே நீட்டும் பழக்கம் மட்டும் அந்தக் குளிரில் ஒரே வாரத்தில் போயிற்று. சுமித்ரா மாதம் ஒரு கடிதம் எழுதினாள். எட்டாவது கடிதத்தில், தகரத்துக்குப் பச்சை அடித்தாயிற்று, கனடாப் பாரத்தை விரித்துத் தரையில் பெயின்ட் சிந்தாமல் பார்த்துக்கொண்டேன் என்று இருந்தது. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

1989 மார்ச்சில் அவர் நாடியில் இறங்கியபோது, புறப்படும் பக்கத்தில் வரிசை வாசல் வரை நின்றது. வரும் பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் போன பிறகு அவர் ஒருவர்தான். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"இல்ல, நானா வந்தேன்."

"நோய் ஏதாவது?"

"இல்ல."

அதிகாரி உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். இருவருமாக அவரைப் பார்த்தார்கள். ஊரிலும் அதே கதைதான். அந்த வாரம் முழுக்க ஜனங்கள் மூடிய பாத்திரத்தில் சோறு கொண்டுவந்து, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, "என்ன ஆச்சு மாஸ்டர்?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார்கள். சுமித்ரா எல்லாருக்கும் டீ போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகையின் பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஒரு விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தினார். பத்து மணிக்கு முதல் ஆள் வந்தாள். ரஹீலா, லௌடோகா ஆஸ்பத்திரியில் நர்ஸ், முப்பது வயதிருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும், முன்னால் இருந்த கருவிகளின் அத்தனை முள்ளையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? இந்த லைசென்ஸ் கிடைச்சா ஆஸ்திரேலியாக்காரன் சீக்கிரம் எடுத்துக்குவானாமே? அது நெசமா?"

ஏழுமலை மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ, அவ்வளவுதான் இவளும் இந்த ஊரில். அப்புறம் அடுத்தவர் வருவார்.

"எடுத்துக்குவான்" என்றார். "மொதல்ல கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க. பாதிதான் மூடியிருக்கு."

அவள் இழுத்துச் சாத்தினாள்.